விரல் வைத்த கடன்

காலை பதினோரு மணிக்குச் சாணைச் சக்கரங்களை நிறுத்திவிட்டு டீ குடிப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் அறுத்து, விளிம்பு தீட்டி, பிரேமில் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்புகிற பட்டறை. முதலாளியைச் சேர்க்காமல் ஆறு பேர். சக்கரத்தின் மேல் தண்ணீர் விடாமல் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் லென்ஸ் சூடேறிப் பாழாகிவிடும். அதனால் காலையிலிருந்து எல்லார் கையிலும் ஈரம், ஈரத்தின் மேல் வெள்ளைச் சேறு. போனை உள்ளே கொண்டுபோனால் அந்தத் தூள் ஓட்டையிலெல்லாம் புகுந்து நாலே நாளில் ஊமையாகிவிடும் என்று வாசலில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார்கள்.

அன்றைக்கு டின்னைத் திறந்தவள் குண்டூசி. உடம்பும் வாயும் அந்தப் பேருக்குப் பொருத்தம். போனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அடியே பவரு, உன் போட்டோவ எவனோ அனுப்பிருக்கான். என்னடி, எங்களுக்குத் தெரியாம கல்யாணப் பத்திரிகை அடிச்சிட்டியா?"

பவர் என்பது பட்டறை வைத்த பேர். இருபத்து நாலு வயதுப் பெண். எந்த லென்ஸைக் கொடுத்தாலும் கையை நீட்டிப் பிடித்து, சன்னல் கம்பியை அதன் வழியாகப் பார்த்தபடி இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டுவாள். கம்பி கூடவே நகர்ந்தால் மைனஸ், எதிரே ஓடினால் பிளஸ். "மைனஸ் ரெண்டரை" என்பாள். மெஷினில் வைத்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். அந்தக் கண்ணுக்காகவே முதலாளி தன் பழைய விளிம்பு தீட்டும் மெஷினை அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அறுபதாயிரம் முன்பணம், மீதி மாதாமாதம். வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டு தனியாக வேலை எடுத்துச் செய்யலாம். ரெண்டரை வருடமாக அந்த அறுபதாயிரத்துக்காகத்தான் அவள் ஒரு நல்ல செருப்புகூட வாங்கவில்லை.

"காட்டுக்கா" என்று கையை நீட்டினாள். அதற்குள் குண்டூசி போட்டோவுக்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி. டீயக் குடி."

ஆனால் மீசை இருக்கிறாரே, அவருக்கு எதையும் மனசுக்குள் படிக்கத் தெரியாது. மீசையே இல்லாத ஐம்பது வயது மனிதர், பட்டறையில் மூத்தவர். தன் போனை எட்டப் பிடித்து உரக்க வாசித்தார்.

"'இந்தப் பெண் திருடி. கடன் வாங்கிவிட்டு ஏமாற்றுகிறாள். இவளைத் தெரிந்தவர்கள் உடனே பணம் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால்...' இல்லாவிட்டால்னு போட்டுப் புள்ளி வெச்சிருக்கான். என்ன பாப்பா இது?"

டின்னுக்குள் மற்ற போன்களும் உறுமிக்கொண்டிருந்தன. எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே படம், அதே வாசகம். பவர் டீ கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

"நான் யார்கிட்டயும் கடன் வாங்கலண்ணே. சத்தியமா. டீக்குக்கூட நான் கடன் சொன்னதில்ல, உங்களுக்கே தெரியும்."

"தெரியும் பாப்பா. எவனோ விளையாடறான்."

"உன் போன் எங்கடி?" என்றாள் குண்டூசி.

"வீட்டுல. அப்பாகிட்ட."

அதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே எல்லாருக்கும் அந்தத் தொல்லை உண்டு. லென்ஸை விரல் நுனியால் அழுத்திப் பிடித்து, ஈரச் சக்கரத்தில் நாள் பூராவும் சுற்றிச் சுற்றித் தீட்டுவதில் கண்ணாடி மட்டுமா தேயும்? விரலும் தேயும். ஆறு மாதம் வேலை செய்தால் விரல் நுனி வழித்துவிட்டாற்போல் ஆகிவிடும், ரேகை என்று ஒன்று இருக்காது. போனில் விரல் வைத்தால் 'நீ யார்?' என்று கேட்கும். அதனால் ஆளாளுக்கு வீட்டு மனிதர் ஒருவரின் விரலைப் பதிந்து வைத்திருந்தார்கள். மீசைக்கு அவர் சம்சாரத்தின் கட்டைவிரல். குண்டூசிக்குத் தங்கை விரல். பவருக்கு அப்பாவின் ஆள்காட்டி விரல். நம்பர் போட்டுத் திறக்கலாம்தான், ஆனால் வங்கிக் கணக்கு, பில், பேங்கிலிருந்து வரும் எண் எல்லாவற்றையும் வீட்டில் சும்மா இருக்கிற அப்பாவே பார்த்துக்கொள்வதென்றால் எவ்வளவு சௌகரியம்! ஒரு போனைத் தூளுக்குப் பலி கொடுத்த பிறகு, புதுப் போனை அவள் வீட்டைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை.

"இந்தா, பாத்துடு. பாக்காம இருக்கவா முடியும்" என்று குண்டூசி கடைசியில் போனைக் கொடுத்தாள்.

பவர் பார்த்தாள். தலை ஈரம், தோளில் துண்டு, சிரித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் வெள்ளைச் சுவர், அதில் கூரை ஒழுகிய கறை. அவர்கள் வீட்டு முன்னறைச் சுவர்! போன மாதக் கடைசியில், குளித்துவிட்டு வந்தவளை அப்பா மறித்து நிறுத்தியது ஞாபகம் வந்தது. 'டிரைவர் சங்கத்துல குடும்பப் போட்டோ கேக்கறாங்க பாப்பா, நில்லு, சிரி, இன்னொருக்கா சிரி.' 'தலையாவது சீவிட்டு வரேன்பா' என்று அவள் கெஞ்ச, 'முகம் தெரிஞ்சா போதும்' என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

முதலாளி உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். அவர் மேசையிலும் அவள் படம் சிரித்துக்கொண்டு கிடந்தது. நல்ல மனிதர்தான். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி பேசினார்.

"நீ வாங்கியிருப்பேன்னு நான் நினைக்கல. ஆனா எனக்கே மூணு தடவை போன் பண்ணி, உங்க கடையில வேலை செய்யற திருடின்னு சொல்றான். நம்ம கஸ்டமர் நம்பர்கூட உன் போன்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"நாளைக்கு அவங்களுக்கும் போகும். பொய்க் கடன்னா போய்ப் புகார் குடு. அந்தப் புகார் நகலை வெள்ளிக்கிழமைக்குள்ள என் கையில குடுத்துடு. அதை எல்லாருக்கும் காட்டி வாயை அடைச்சிடறேன். மெஷினும் உனக்குத்தான். நகல் இல்லன்னா, மன்னிச்சுக்கோம்மா, தவணைக்கு எப்படிக் குடுப்பேன்?"

குண்டூசியும் அவளோடு கிளம்பினாள். "நீ இருக்கற இருப்புல நடுரோட்டுல போய் நிப்ப" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். வழி நெடுகப் பவர் அந்தப் போட்டோவை அப்பாவின் போனிலிருந்தோ சங்கத்திலிருந்தோ எவனோ திருடியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல நம்பிக்கை குறைந்தது.

அப்பா முன்னறையில் நாற்காலியை சன்னலோரம் போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு ஆளைக்கூட இடித்ததில்லை என்று போக்குவரத்துக் கழகத்தில் கொடுத்த கேடயம் அலமாரியில் இருக்கிறது. வட்டிக்கு வாங்குகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் தவணையில் டிவி வாங்கியதற்கு ஒரு வாரம் திட்டித் தீர்த்தவர். மடியில் பவரின் போன். அது நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது, அவர் அதைத் துண்டால் மூடி அமுக்கிக்கொண்டிருந்தார்.

மகளைப் பார்த்ததும் எழுந்தார். "என்ன பாப்பா, பாதியிலயே?"

"அந்தப் போட்டோவ யாருக்குப்பா அனுப்பினீங்க?"

"எந்தப் போட்டோ?"

"துண்டோட நிக்கறது."

அவர் குண்டூசியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கறை அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

குண்டூசி அவர் மடியிலிருந்து போனை எடுத்தாள். "விரல் வைங்க மாமா" என்றாள். வைத்தார். திறந்துகொண்டது. அவள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் உதடு எண்ணிக்கொண்டே போனது.

"ஒம்பது" என்றாள். "ஒம்பது கடன் கம்பெனிடி. ஒண்ணுகூட ஒழுங்கான பேங்க் இல்ல, எல்லாம் ஊர் பேர் தெரியாத கழிசடை. ஒவ்வொண்ணும் பத்தாயிரம் கடன்னு போட்டுருக்கான், கையில வந்தது ஆறாயிரத்து சொச்சம். மிச்சத்தை முன்னாடியே செலவுன்னு பிடிச்சிட்டான். ஏழே நாள்ல முழுப் பத்தாயிரமும் கட்டணுமாம். இது கடனா, கொள்ளையா? ஆப்பை உள்ள விடும்போதே உன் போன்ல இருக்கற எல்லா நம்பரையும் எடுத்துக்கலாமான்னு கேட்டுருக்கான். மாமா சரின்னு அமுத்திட்டாரு."

"சரின்னு போட்டாத்தான் அடுத்தது வருது" என்றார் அப்பா, குற்றம் சாட்டப்பட்டதில் ஒன்றுக்காவது பதில் இருக்கிறதே என்கிற மாதிரி.

பவர் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "எதுக்குப்பா? காசு வேணும்னா நான் சேத்தது இருக்கே. ஒண்ணாந்தேதிதான பாத்தேன்? அறுபத்தோராயிரம்."

மாதம் பிறந்தால் அது அவர்கள் வீட்டுச் சடங்கு. சம்பளம் விழுந்ததும் 'விரல் வைங்கப்பா' என்பாள், அவர் வைப்பார், கணக்கு திறக்கும், இருவரும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள். அம்மா அடுப்படியிலிருந்து 'எவ்வளவுடி?' என்று கத்துவாள்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது நீ சேத்தது இல்ல பாப்பா."

"பின்ன?"

"நீ சேத்தது அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. ஒண்ணாந்தேதி நீ கேப்பியேன்னு, ஒம்பது எடத்துல வாங்கி அந்த அறுபத்தோராயிரத்தை நிரப்பி வெச்சேன். நீ பாக்கறதுக்கு."

பவருக்கு அது உடனே விளங்கவில்லை. ஒரு லென்ஸைத் திருப்பிப் பார்ப்பதுபோல அந்த வாக்கியத்தை இப்படியும் அப்படியும் பார்த்தாள். அன்று அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவள் சந்தோஷத்தில் அப்பா கையைப் பிடித்து ஆட்டினாளே! தன் பேரில் வாங்கிய கடனைப் பார்த்தா அப்படிக் குதித்தோம் என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

"அது இப்ப எங்க மாமா?" என்றாள் குண்டூசி.

"அடுத்த நாளே மேடத்துக்கு அனுப்பிட்டேன்."

மேடம் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ரெண்டு மாதம் முன்பு முகம் தெரியாத ஒரு மேடத்திடமிருந்து போனில் ஒரு செய்தி: வீட்டிலிருந்தே வேலை. ஹோட்டல் படங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் முந்நூறு வந்தது, அடுத்த நாள் ஐந்நூறு. நிஜமாகவே வந்தது. பிறகு பெரிய ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட டெபாசிட் கட்டச் சொன்னார்கள். கட்டினார். திரையில் அவர் பேருக்கு நேரே லாபம் ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனால் இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும், அப்போதுதான் கணக்கு திறக்கும்.

"படுத்து ஒரு ராத்திரி தூங்காத ஹோட்டலுக்கு நட்சத்திரம் போட்டா எவன்பா காசு குடுப்பான்?" பவரின் குரல் உடைந்தது.

"குடுத்தானே பாப்பா, முந்நூறு! அதுலதான் அன்னைக்கு முட்டை வாங்கிட்டு வந்தேன், நீயும்தான சாப்பிட்ட." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரிடையர் ஆகி நாலு வருஷம். காலைல நீ போயிடற, உங்கம்மா குழந்தைங்க காப்பகத்துக்குப் போயிடறா. நான் இந்தச் சன்னல்ல பஸ்ஸை எண்ணிட்டு உக்காந்திருக்கேன். அந்த மேடம் தினமும் 'குட்மார்னிங் சார், இன்னைக்கு ரெடியா சார்'னு கேக்கும். அந்த மெஷினை முழுக் காசுக்கு வாங்கி, நீ வர்ற நேரத்துல வாசல்ல இறக்கணும்னு நினைச்சேன். தவணை எதுக்கு எம் பொண்ணுக்கு?"

திட்டலாம், எத்தனை நேரம் திட்டுவது? பவர் அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது.

அம்மா நாலரை மணிக்கு வந்தாள். அவளுக்கும் காப்பகத்திலேயே அந்தப் படம் வந்துவிட்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடிந்ததும் வெடித்தாள்.

"வேலியே பயிரை மேஞ்சா நான் யார்கிட்டங்க சொல்லுவேன்? அவ கிழிஞ்ச செருப்பைத் தெச்சுத் தெச்சுப் போட்டுட்டுப் போனாளே, கண்ணு தெரியலையா உங்களுக்கு? பெத்த பொண்ணு மூஞ்சியைக் காட்டிக் கடன் வாங்கினீங்களே, அதுக்கு என் தாலியைக் கேட்டிருந்தா கழட்டிக் குடுத்திருப்பேனே!"

"விடும்மா" என்றாள் பவர்.

"எதை விடறது? திருடின்னு ஊரே பாத்துடுச்சு!"

குண்டூசிதான் நடுவில் புகுந்தாள். "அத்தை, கத்தி ஆகப்போறது ஒண்ணுமில்ல. இனிமே ஒருத்தனுக்கும் ஒரு பைசா கட்டக் கூடாது. ஒருத்தனுக்குக் கட்டினா பத்துப் பேர் வருவான். போன்ல இருக்கறதையெல்லாம் அப்படியே படம் எடுத்து வெச்சுட்டு, நாளைக்குக் காலைல சைபர் புகார் ஆபீசுக்குப் போறோம். மொதலாளி கேட்ட நகலும் கிடைச்சிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அங்க கேப்பாங்கடி. நீ வாங்கலன்னா உன் போன்ல யாரு வாங்கினதுன்னு. பேர் சொல்லணும்."

அம்மா செருப்பைக் கழற்றினாள்.

"அப்ப வேணாம்" என்றாள் பவர். "நானே வாங்கினேன்னு இருக்கட்டும். வேலை செஞ்சு கட்டிக்கறேன்."

"லட்சத்துக்குப் பக்கம் ஆகுதுடி. மெஷின்?"

"மீசையண்ணன் வாங்கிக்கட்டும். எங்கப்பாவ போலீஸ் ஆபீஸ் வாசல்ல நிறுத்தி நான் மெஷின் வாங்கணுமா?"

அப்பா குலுங்கி அழுதார். அவர் அழுது பவர் பார்த்ததில்லை. "இனி அந்தப் போனைத் தொட்டா என் கை விளங்காமப் போகட்டும்" என்று தலையிலடித்துக்கொண்டார். அம்மாகூட மெல்லப் போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குண்டூசி, "உன் இஷ்டம்டி, ஆனா அந்த விரலை மொதல்ல எடுத்துடு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

எடுத்திருக்கலாம். அப்போதே அவர் கண் முன்னால் எடுப்பது செருப்பால் அடிப்பதுபோல் இருக்கும் என்று பவர் விட்டுவிட்டாள். முகம் கழுவப் போனாள். காது மடலிலும் கழுத்திலும் காலையில் படிந்த வெள்ளைத் தூள் அப்படியே காய்ந்திருந்தது, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அடுப்படியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கால் மணி நேரம்கூட இருக்காது.

துண்டால் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சன்னலோரம் போனுடன் உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரல் அதன் முதுகில் இருந்தது.

"அப்பா!"

அவர் ஒளிக்கவில்லை. முகத்தில் ஒரு பரபரப்பு, அவசரம். கண்ணீர்கூட இன்னும் காயவில்லை.

"ஒரு நிமிஷம் பாப்பா, கோவிச்சுக்காத, கேளு. மேடமே பேசுச்சு. வரி மட்டும்தான் பாக்கியாம், ஒம்பதாயிரம். அதைக் கட்டிட்டா இன்னைக்கே மொத்தமும், ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம், உன் கணக்குல விழுந்துடும். எல்லாத்தையும் அடைச்சிடலாம். உன் மெஷினும் போகாது. புதுசா ஒருத்தன்கிட்ட வாங்கினேன், உடனே குடுத்துட்டான்."

"அனுப்பிட்டீங்களா?"

"இப்பத்தான் போச்சு. பச்சை டிக் விழுந்துடுச்சு, பாரு." அவர் ஆசையோடு திரையைத் திருப்பிக் காட்டினார்.

பவர் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயது மனிதர், பத்து நிமிடம் முன்பு தலையிலடித்துக்கொண்டு சத்தியம் செய்தவர், நம்பிக்கையோடு அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். பொய் சொல்லவில்லை, நடிக்கவில்லை. நிஜமாகவே நம்புகிறார். அவளுக்கு இதுவரை வந்த அதிர்ச்சியெல்லாம் இதன் முன்னே ஒன்றுமே இல்லை. நாளைக்கும் வாங்குவார், நாளை மறுநாளும் வாங்குவார், அவள் நல்லதுக்கு என்றே வாங்குவார். அவளால் கட்டி முடிக்கவே முடியாது.

போனை வாங்கி நம்பர் போட்டுத் திறந்து அவர் விரலை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை மூன்று பேரும் சைபர் புகார் ஆபீசுக்குப் போனார்கள். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எதற்குப் போகிறோம் என்று பவர் ராத்திரியே அவரிடம் சொல்லியிருந்தாள். சரி பாப்பா என்று மட்டும் சொன்னார், மேடம் எழுதிய கடைசிச் செய்தியையும் காட்டினால் நல்லது என்றார். அவரையும் அம்மாவையும் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் மேசைக்குப் போனாள்.

எழுதிக்கொள்ளும் அம்மாளுக்கு அவள் அம்மா வயதிருக்கும். எதிரே இருந்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். பேர் கேட்டாள், தட்டினாள். "அப்பா பேரு?" என்றாள். பவர் சொன்னாள். விலாசம், வேலை, எத்தனை கம்பெனி, எந்தத் தேதி, எவ்வளவு. பத்து என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"பணம் போன நம்பர் எல்லாம் இருக்கா? நல்லது, அவங்களைத் தேடறதுக்கு உதவும். உன் போன்ல கடன் எடுத்த ஆளு யாருன்னு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகம் இல்லைங்க. தெரியும்."

"அப்ப பேரைச் சொல்லு."

பவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேரைச் சொன்னாள்.

அந்த அம்மாள் ரெண்டு எழுத்துத் தட்டிவிட்டு நிறுத்தினாள். திரையில் மேலே பார்த்தாள்.

"பதட்டப்படாதம்மா. அப்பா பேரு முன்னாடியே எழுதிட்டேன். இப்ப நான் கேக்கறது குத்தம் பண்ணவங்க பேரு."

"அதைத்தாங்க சொல்றேன்" என்றாள் பவர். "அதே பேருதான்."

தன் பேர் ரெண்டு தடவை காதில் விழுந்ததும், கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று பெஞ்சிலிருந்து அப்பா எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார்.